கணக்கைக் கையில் எடு!

"மார்க் பத்தல. அதான் காமர்ஸ் குரூப்பில் போட்டுட்டாங்க."

வீட்டு வாசலில் நின்று யாரோ ஓர் உறவினரிடம் உன் அம்மா சொன்ன இந்த வார்த்தை இன்னும் உன் காதில் கேட்கிறது, இல்லையா? பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் போக முடியாமல் மிஞ்சிப்போன பிள்ளை என்று அன்றைக்கே உன் மனதில் ஒரு முத்திரை விழுந்துவிட்டது. அந்த முத்திரையோடு வந்துதான் பி.காம். முதலாண்டு வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்காருகிறாய். ஆசிரியர் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் 'பற்று' என்றும் வலப்பக்கம் 'வரவு' என்றும் எழுதுகிறார். "எனக்குக் கணக்கு வராது" என்று அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறாய்.

தம்பி, தங்கை, அந்த முத்திரையை இன்றே அழி! அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போடு!

தெருமுனை இட்லிக் கடையும் பங்குச் சந்தையில் புரளும் பெருநிறுவனமும் தங்கள் உண்மை நிலையைச் சொல்வது ஒரே மொழியில்தான். அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவனை யாரும் எளிதில் ஏய்க்க முடியாது. "எல்லாம் நல்லாத்தான் போகுது சார்" என்று சொல்லும் முதலாளியின் முகத்தைப் பார்த்து அவன் மயங்க மாட்டான். ஏட்டைத் திறந்து பார்ப்பான். அந்த மொழியைத்தான் நீ படிக்க வந்திருக்கிறாய். இதற்குப் பெயரா மிச்சப் படிப்பு?

உனக்குத் தேவை கூட்டலும் கழித்தலும்

முதல் பயத்தை முதலில் தீர்ப்போம். அடிப்படை நிதிக் கணக்கியலுக்கு நுண்கணிதம் வேண்டாம், திரிகோணமிதி வேண்டாம். கூட்டத் தெரியுமா? கழிக்கத் தெரியுமா? பெருக்கலும் சதவீதமும் கொஞ்சம் வருமா? போதும். அதற்கு மேல் இந்தப் பாடம் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நடந்ததை நடந்தபடி எழுதும் துணிவு. கணிதத்தில் நீ வாங்கிய மதிப்பெண்ணுக்கும் அந்தத் துணிவுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

இந்தக் கணக்கு முறையை எழுத்தில் வடித்து அச்சேற்றியவர் லூக்கா பசியோலி என்ற இத்தாலியத் துறவி. 1494-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் வெளியான அவருடைய பெரிய கணித நூலில் ஒரு பகுதி முழுக்க இரட்டைப் பதிவு முறையைப் பற்றியது. அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே கைப்பழக்கமாக எழுதி வந்ததைத்தான் அவர் ஒழுங்காக விளக்கினார். முதலில் நாட்குறிப்பு, அதிலிருந்து குறிப்பேடு, அதிலிருந்து பேரேடு என்று மூன்று ஏடுகள் வைக்கச் சொன்னார். நம்மூரில் பிள்ளையார் சுழி போட்டுப் புதுக்கணக்கு தொடங்குவது போல, கணக்கேட்டைக் கடவுள் பெயரோடு தொடங்கவும் சொன்னார். ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் உன் பாடப்புத்தகத்தின் எலும்புக்கூடு அதேதான். கடைக்காரர்கள் தங்கள் பிழைப்புக்காக உருவாக்கிய முறை அது. மேதைகளுக்கென்று யாரும் அதைச் செய்யவில்லை.

நம் மண்ணைப் பார். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை நடத்திய நகரத்தார், சிறு வயதுப் பிள்ளைகளைப் 'பெட்டியடிப் பையனாக' உட்கார வைத்துத்தான் தொழில் பழக்கினார்கள். பெட்டியடியில் தொடங்கியவன் அடுத்தாளாக, மேலாளாக வளர்ந்தான். அவர்கள் ஏட்டில் புழங்கிய 'ஐந்தொகை' என்ற சொல், இலங்கைத் தமிழ் மாணவர்களின் கணக்கீட்டுப் பாடத்தில் இருப்புநிலைக் குறிப்புக்குப் பெயராகவே நெடுங்காலம் வழங்கியது. கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள் கடல் கடந்து போய்க் கணக்கு எழுதினார்கள். கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நீ "வராது" என்கிறாய். எழுதிப் பார்க்காமல் எப்படி வரும்?

அண்ணாச்சி கடை நோட்டு

"பணம் உள்ளே வந்தால் அது வரவுதானே? புத்தகம் ஏன் பற்று என்கிறது?" தமிழில் படிக்கும் மாணவர்கள் அத்தனை பேரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கேட்க வெட்கப்பட்டு மனப்பாடம் செய்கிறார்கள். மனப்பாடம் செய்தது தேர்வறையில் கைவிடுகிறது. "நமக்கு மூளை இல்லை" என்று ஒடிந்துபோகிறார்கள். மூளையில் ஒரு குறையும் இல்லை. யார் நோட்டில் யார் பெயருக்கு எழுதுகிறோம் என்று பார்க்கத் தவறியதுதான் குறை.

உன் தெரு மளிகைக் கடைக்குப் போ. மாதக் கணக்கில் அரிசி வாங்குகிறாய். அண்ணாச்சி உன் வீட்டுப் பெயர் போட்ட பக்கத்தில் அதைப் பற்று எழுதுகிறார். நீ பொருளைப் பெற்றுக்கொண்டாய், அதனால் பற்று. சம்பள நாளில் உன் அப்பா ஐந்நூறு ரூபாயை நீட்டி, "அண்ணாச்சி, வரவு வெச்சுக்கோங்க" என்கிறார். உன் வீடு கொடுத்தது, அதனால் வரவு. பெற்றவர் பெயரில் பற்று, கொடுத்தவர் பெயரில் வரவு. இவ்வளவுதான்!

இப்போது கல்லாப்பெட்டியையும் கடையின் ஒரு வாடிக்கையாளராக நினைத்துக்கொள். அந்த ஐந்நூறு ரூபாயைப் பெற்றுக்கொண்டது யார்? கல்லாப்பெட்டி. அப்படியானால் ரொக்கக் கணக்கில் பற்று. உன் அப்பா கணக்கில் வரவு. ஒரே ஐந்நூறு, இரண்டு இடத்தில், எதிரெதிர்ப் பக்கத்தில். இதுதான் இரட்டைப் பதிவு. நீ வங்கியில் பணம் கட்டினால் வங்கி உன் கணக்கில் வரவு வைக்கிறது. ஏனென்றால் அது வங்கியின் நோட்டு; அங்கே கொடுத்தவன் நீ. இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், ஓராண்டாகப் புரியாதது ஒரே மாலையில் புரியும்.

ஓர் இட்லிக் கடையின் முதல் மாதம்

வா, ஒரு கடையைத் திறந்தே பார்த்துவிடுவோம். ஓர் அக்கா இட்லிக் கடை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள். சீட்டு எடுத்த பணம் 60,000 ரூபாய் அவருடைய முதல். நகையை அடகு வைத்து வாங்கிய கடன் 40,000. மொத்தம் ஒரு லட்சம். அதில் அடுப்பு, கிரைண்டர், இட்லிக் கொப்பரை, பாத்திரங்களுக்கு 54,000. கடைக்கு முன்பணம் 30,000. மீதி 16,000 கல்லாவில்.

சொத்துகள் ஒரு லட்சம். அந்தச் சொத்துகள் மீது உரிமை கொண்டாடுவோர் இருவர்: கடன் கொடுத்தவருக்கு 40,000, அக்காவுக்கு 60,000. சொத்துகள் = பொறுப்புகள் + முதல். கணக்கியல் முழுவதும் இந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. உலகத்தின் எந்தக் கம்பெனிக்கும் இது பொருந்தும்.

மாதம் முடிகிறது. விற்பனை 90,000. அதில் பக்கத்து லேத் பட்டறைக்கு மாதக் கணக்கில் கொடுத்த டிபன் 6,000 இன்னும் வரவில்லை. அரிசி, உளுந்து, எண்ணெய், காய்கறி என்று 50,000-க்கு வாங்கியதில் 2,000 ரூபாய்ச் சரக்கு மூட்டையில் மிச்சம். வாடகை 8,000. உதவியாளர் கூலி 12,000. கேஸ் 5,000. வட்டி 400. இடையில் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அக்கா கல்லாவிலிருந்து 10,000 எடுத்துவிட்டார்.

மாதக் கடைசியில் கல்லாவை எண்ணுகிறார். 14,600 ரூபாய். தொடங்கும்போது இருந்தது 16,000. "விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவாட்டி, ஒரு மாதம் வெந்து செத்தும் 1,400 ரூபாய் நட்டமா?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார். எத்தனை நல்ல கடைகள் இந்த இடத்தில் ஷட்டரை இறக்கியிருக்கும்!

இப்போது நீ போகிறாய். கையில் ஒரு நோட்டு, ஒரு பேனா.

கடை வேறு, அக்கா வேறு. இது முதல் கொள்கை. பள்ளிக் கட்டணம் கடையின் செலவாகாது. அது முதலாளி எடுத்துக்கொண்ட எடுப்பு. இரண்டாவது, பணம் கைக்கு வந்தால்தான் விற்பனை என்று இல்லை. பட்டறைக்காரர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்; அந்த 6,000-மும் இந்த மாத விற்பனைதான். மூன்றாவது, இந்த மாத விற்பனைக்கு எதிரே இந்த மாதம் செலவழிந்ததை மட்டும் வை. வாங்கியது 50,000, ஆனால் தீர்ந்தது 48,000-தான். நான்காவது, கிரைண்டரும் அடுப்பும் தேய்கின்றன. ஐந்தாண்டு உழைக்கும் என்று கொண்டால் 54,000-ஐ 60 மாதத்துக்குப் பங்கிட, மாதத் தேய்மானம் 900. யார் கையிலும் கொடுக்காத செலவு. ஆனாலும் செலவு.

கூட்டு: 48,000 + 8,000 + 12,000 + 5,000 + 400 + 900 = 74,300. விற்பனை 90,000-இலிருந்து கழி. 15,700 ரூபாய்.

"அக்கா, உங்களுக்கு நட்டம் இல்லை. 15,700 ரூபாய் லாபம்!"

சரிபார்ப்போமா? கல்லா 14,600, பட்டறையிலிருந்து வர வேண்டியது 6,000, சரக்கு 2,000, தேய்மானம் போகச் சாதனங்கள் 53,100, முன்பணம் 30,000. மொத்தம் 1,05,700. மறுபக்கம் கடன் 40,000; அக்காவின் முதல் 60,000-உடன் லாபம் 15,700 சேர்த்து, எடுப்பு 10,000 கழித்தால் 65,700. மொத்தம் 1,05,700. இரண்டு பக்கமும் நேருக்கு நேர் நிற்கின்றன! இதுதான் இருப்புநிலைக் குறிப்பு.

உண்மையை முழுதாகவும் சொல்லிவிடு. அந்த 15,700 அக்காவின் ஒரு மாத உழைப்பையும் உள்ளடக்கியது. தனக்கென்று அவர் சம்பளம் எழுதவில்லை. பட்டறை பணம் தருமா என்ற ஐயம் வந்தால், அந்த ஐயத்துக்கு இன்றே ஒரு தொகை ஒதுக்கச் சொல். அடுத்த மாதம் கல்யாண ஆர்டர் வரும் என்ற பேச்சை வைத்து ஒரு ரூபாயும் லாபம் எழுத விடாதே. வரக்கூடிய நட்டத்தை முன்கூட்டியே எழுது. வராத லாபத்தை எழுதாதே. முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையாமல் காத்தது எது? கூட்டல், கழித்தல், நான்கு கொள்கைகள், நீ! மிஞ்சிப்போன பிள்ளை செய்யும் வேலையா இது?

ஒத்துப்போகவில்லையா? ஒடிந்துபோகாதே

எல்லாக் கணக்குகளின் மீதியையும் பட்டியலிட்டு இருப்பாய்வு போடுகிறாய். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒத்துப்போகவில்லை. தாளைக் கசக்கி எறியத் தோன்றும். எறியாதே! அந்த வித்தியாசமே துப்பு. அதைப் பாதியாக்கு, அந்தப் பாதித் தொகை எங்காவது தவறான பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று தேடு. அடுத்து 9-ஆல் வகு; மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. அப்போதும் கிடைக்கவில்லையா? அந்த வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் மறுபடி தேடு. பிழை வருவது அவமானமில்லை. பிழையைக் கண்டுபிடிக்கவே இந்த முறை பிறந்தது.

ஆனால் இன்னொன்றையும் நெஞ்சில் பொறித்துக்கொள். ஒத்துப்போய்விட்டதாலேயே கணக்கு உண்மையாகிவிடாது.

2009 ஜனவரி 7. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது. 2008 செப்டம்பர் இறுதியில் ஏட்டில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் அழகாக ஒத்துத்தான் போயின. கூட்டல் சரி, உண்மை பொய். 2015-இல் ஐதராபாத் தனி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் சான்றுச் சீட்டு வேண்டும் என்று உன் ஆசிரியர் நச்சரிக்கிறாரே, ஏன் என்று இப்போது புரிகிறதா?

அமெரிக்காவின் வேர்ல்ட்காம் கதை உன் முதலாண்டுப் பாடத்துக்கு இன்னும் நெருக்கமானது. பிற தொலைபேசி நிறுவனங்களின் கம்பித் தடங்களைப் பயன்படுத்த அது கட்டணம் கட்டி வந்தது. நம் இட்லிக் கடை வாடகை போன்ற அன்றாடச் செலவு அது. அதைச் செலவு என்று எழுதாமல் சொத்து என்று எழுதினார்கள். செலவு குறைந்தது, லாபம் வீங்கியது. வாடகையைக் கொடுத்துவிட்டு, கட்டடம் வாங்கினேன் என்று எழுதுவது போன்ற ஏமாற்று. 2002-இல் அந்நிறுவனத்தின் உள்தணிக்கைப் பொறுப்பில் இருந்த சிந்தியா கூப்பர் என்ற பெண், மேலிடத்தின் எதிர்ப்புக்கு இடையே, தம் குழுவோடு இரவுகளில் ஏடுகளைத் தோண்டினார். முதலில் வெளியே வந்ததே 380 கோடி டாலர். அந்த ஆண்டே நிறுவனம் திவாலாகி நீதிமன்றம் ஏறியது. அதன் தலைமை நிர்வாகியாக இருந்த பெர்னார்ட் எபர்ஸுக்கு 2005-இல் 25 ஆண்டுச் சிறை.

சிந்தியா கூப்பர் கையில் இருந்த ஆயுதம் எது? "இது செலவா, சொத்தா?" என்ற கேள்வி. முதல் பருவத்திலேயே உனக்குச் சொல்லித்தரும் அதே கேள்வி! மென்பொருள் நொடியில் கூட்டிக் கொடுக்கும். எந்தத் தொகை எந்தத் தலைப்பில் போக வேண்டும் என்பதை உன் அறிவும் உன் நேர்மையும்தான் சொல்ல வேண்டும். "கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி கணக்குப் பிள்ளைக்கு வேலை இல்லை" என்று உன்னைப் பயமுறுத்துகிறவர்களுக்கு இதுவே பதில்.

சிறையிலிருந்து வந்தவர் திறந்த கதவு

"எங்கள் வீட்டில் யாரும் ஆடிட்டர் இல்லை, எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது, நான் பெண்" என்று இன்னும் தயங்குகிறாயா? சிவபோகத்தைத் தெரிந்துகொள். சென்னைப் பெண். ராணி மேரி கல்லூரியில் படித்தவர். விடுதலைப் போராட்டத்தில் இறங்கி ஓராண்டு சிறையில் இருந்தார். அதன்பின் கணக்கியல் பட்டயத் தேர்வு எழுதி 1933-இல் தேறினார். இந்தியாவின் முதல் பெண் கணக்காய்வாளர் அவர்தான். சிறை சென்றவர் கணக்காய்வாளராகப் பதிவு செய்ய முடியாது என்று ஆங்கிலேய அரசின் விதி குறுக்கே நின்றது. அவர் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. நீதிமன்றத்துக்குப் போனார், வென்றார், 1937-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949-இல் அமைந்த பின், அதன் தென்னிந்திய வட்டாரக் கவுன்சிலுக்கு 1955 முதல் 1958 வரை தலைமை தாங்கினார். ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த நாற்காலி அது.

அவருக்கு எதிரே அரசாங்கமே நின்றது. உனக்கு எதிரே என்ன நிற்கிறது? ஒரு பாடப்புத்தகம். ஒரு பயம். அவ்வளவுதானே?

ஏட்டில் ஏறாத சொத்து

பணத்தால் அளக்க முடிந்ததை மட்டுமே கணக்கேடு ஏற்றுக்கொள்ளும். அந்த அக்காவின் கைப்பக்குவம் இட்லிக் கடையின் இருப்புநிலைக் குறிப்பில் எந்த வரியிலும் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் 90,000 ரூபாய் விற்பனையும் இல்லை. உன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் அப்படித்தான். உன் விடாமுயற்சிக்கு அதில் ஒரு கட்டம் இல்லை. உன் நேர்மைக்கு ஒரு வரி இல்லை. அந்தத் தாளை வைத்து உன்னை அளந்தவர்கள் தவறாக அளந்துவிட்டார்கள். நீயும் அதே தவறைச் செய்யாதே!

நாளைக்கு என்று தள்ளாதே. இன்று மாலை கடைக்குப் போய் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடு, அல்லது உன் மனம் விரும்பும் சொல்லை எழுது. உன் வீட்டில் இன்று வந்த பணம், போன பணம், வர வேண்டியது, தர வேண்டியது எல்லாவற்றையும் எழுது. ஒவ்வொன்றிலும் பெற்றது யார், கொடுத்தது யார் என்று கேட்டுப் பற்றும் வரவும் போடு. முப்பது நாள் விடாமல் எழுது. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு ஓர் இருப்புநிலைக் குறிப்பு தயாரித்து உன் அம்மா முன்னால் வை. எந்தக் கடன் குடும்பத்தை உறிஞ்சுகிறது, எந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாமல் ஒழுகுகிறது என்று விரல் வைத்துக் காட்டு.

ஆயுத பூஜையன்று கணக்குப் புத்தகத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அது ஆண்டுக்கு ஒரு நாள். மற்ற நாள்களில் அந்தப் புத்தகத்துக்குச் செய்யும் பூஜை, பொய் கலக்காமல் எழுதுவது. அந்தப் பூஜையை நீ செய். பேரேட்டைத் திற. பேனாவைப் பிடி. முதல் வரியை எழுது!